ஆட்டமும் ஊதியமும்

அயோத்தியாப்பட்டணத்துக்குக் கிழக்கே, வாழப்பாடியருகே, 2020-ம் வருஷம் கிரிக்கெட் மைதானம் திறக்கப்பெற்றது கண்டு மகிழ்ந்தோம். ஆயினும், மைதானம் மட்டும் ஆட்டத்தை வாழ்விக்குமோ?

2014 அக்டோபரில் நம் நாட்டுக்கு வந்த மேற்கிந்திய ஆட்டக்காரர், தம் போர்டாருடன் ஊதியப் பிணக்குற்று, தரும்சாலாவிலேயே சுற்றுப்பயணத்தை முறித்துக்கொண்டு திரும்பினர். கல்கத்தாவில் நடைபெறவேண்டிய ஆட்டம் நின்றது. அமெரிக்காவிலோ, 1994-ம் வருஷத்துப் பேஸ்பால் வேலைநிறுத்தத்தால் உலகத் தொடரே நடைபெறவில்லை. மறு வருஷம் ஆட்டம் மீண்டும் தொடங்கியும், காண வந்தோர் தொகை ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்தது.

உழைப்புக்கேற்ற ஊதியம் கேட்பது குற்றமன்று. அதை மறுப்பதே குற்றம் என்பது நமது துணிபு. ஆனால் அவ்வழக்கு ஆட்டக்காலம் தொடங்குமுன்னரே தீர்க்கப்படல் வேண்டும். காசு கொடுத்து வெயிலில் அமரும் ரசிகனின் அன்பே இருதரத்தாருக்கும் முதல். முதலை இழந்தபின் வட்டிக்கு வழக்காடிப் பயனென்ன?