லடாக்கின் பனியும் கொரட்டூர் ஏரியும்

லடாக்கின் லே நகரம், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில், மழையும் பனியும் சேர்ந்தே ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மட்டும் பெறுகின்ற குளிர்ப் பாலைநிலத்தில் அமைந்திருப்பதால், அதன் சுற்றுவட்டார உழவர்கள் குளிர்காலப் பனிப்பொழிவையே நம்பியிருக்கின்றனர். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிழக்கு நோக்கி நகர்ந்து இமயமலையில் மோதும் காற்றழுத்த மண்டலங்கள் 'மேற்கத்திய இடையூறுகள்' எனப்படுகின்றன. அவை கொண்டுவரும் பனி சரிவுகளில் உறைந்து கிடந்து, வாற்கோதுமை விதைக்கும் வசந்த காலத்தில் உருகி வாய்க்காலில் இறங்க வேண்டும். மிக உயரத்திலுள்ள பனியாறுகள் கோடையின் நடுவில்தான் தாராளமாக உருகும் என்பதால், குளிர்காலப் பனி பொய்த்த ஆண்டில் விதைப்புக்கே நீர் இருப்பதில்லை.

இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே செவாங் நார்பெல் என்னும் பொறியாளர், குளிர்காலத்தில் வீணே ஓடும் ஓடைநீரைத் தடுத்து, நிழல் விழும் சரிவுகளில் பரப்பி உறையவைக்கும் செயற்கைப் பனியாறுகளை 1980களின் இறுதியில் அமைக்கத் தொடங்கினார். பின்னர் சோனம் வாங்சுக், ஓடைநீரைக் குழாய் வழியே இறக்கி மேல்நோக்கிப் பீய்ச்சி, 'பனி ஸ்தூபி' எனப்படும் உயர்ந்த கூம்பாக உறையச் செய்தார். கூம்பின் கன அளவை நோக்க அதில் வெயில் படும் பரப்பு குறைவாக இருப்பதால் அது மெல்லவே உருகுகிறது. இவ்விருவரும் வானத்திலிருந்து கூடுதலாக ஒரு துளியையும் வரவழைக்காமல், கைக்குக் கிடைத்த நீரையே தேவைப்படும் மாதம்வரை நிறுத்திவைத்தனர் என்பது சென்னையின் பாடிப் பகுதியில் வாழ்வோர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி.

ஏனெனில் சென்னையில் ஆண்டுக்குப் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை லேயின் பொழிவைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கும் மேற்பட்டது. ஆயினும் அதன் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையாக, அதிலும் சில புயல் நாள்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. இமயத்தில் குளிர் தானாகவே செய்யும் சேமிப்பைத் தொண்டை மண்டலத்தின் சமவெளியில் மனிதர்கள் கரை கட்டிச் செய்துகொள்ள வேண்டியிருந்தது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல், அதாவது மிகைநீர் கரையை உடைக்காமல் வழிந்தோடுவதற்கான அமைப்பு, நீரைக் கொரட்டூர் ஏரிக்கு அனுப்பும். கொரட்டூர் நிரம்பினால் மாதவரம் இரட்டை ஏரிக்குப் போகும். ஓர் ஏரியின் மிச்சம் அடுத்த ஏரியின் வரவாகும் இவ்வமைப்பைத் தொடர் ஏரிகள் என்பர். பாடி இத்தொடரின் அருகிலேயே இருக்கிறது.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960களில் உருவாகி, வயல்கள் மனைகளான பின்னர், ஏரிக்கு நீர் கொணரும் வரத்துக்கால்வாய்கள் சில இடங்களில் குறுகியும் சில இடங்களில் கழிவுநீர் ஓடைகளாகவும் மாறின. கொரட்டூர் ஏரியில் கழிவு கலப்பதைத் தடுக்கக் கோரி அப்பகுதி மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றனர். நீர்வழிகள் இவ்வாறு சீர்கெட்டதன் விளைவை நான்கே ஆண்டுகளுக்குள் இருவகையாக இவ்வட்டாரம் அனுபவித்தது. 2015 டிசம்பரில் நகரமே வெள்ளத்தில் மிதந்தது. 2019 கோடையில் புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் ஆகிய நீர்த்தேக்கங்கள் வற்றிப்போக, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 தொட்டிகளில் 25 லட்சம் லிட்டர் காவிரி நீரைச் சுமந்துகொண்டு ஒரு ரயில், பாடியை அடுத்த வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. அந்நீர் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்துக்குக் குழாய் வழியே சென்று பகிர்ந்தளிக்கப்பட்டது. ரயிலை வரவேற்றதில் தவறில்லை. ஆனால் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து நீர் வந்து இறங்கிய இடத்துக்கு வெகு அருகிலேயே, குடிக்கத் தகுதியற்ற நீரோடு ஓர் ஏரி கிடந்தது என்பது மன்னிக்க முடியாத முரண்.

லடாக்கின் மக்கள் கூடுதல் பனிக்காக வானத்தை நோக்குவதில் நியாயம் உண்டு. அவர்களுக்குப் பெய்வதே சொற்பம். பாடிக்கு அந்த நியாயம் இல்லை. அம்பத்தூரும் அதனோடு கொரட்டூரும் பாடியும் 2011-இல் பெருநகர சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டுவிட்டதால், மாநகராட்சி தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவும் இனி இடமில்லை. ஒவ்வொரு செப்டம்பர் முடிவதற்குள்ளும் வரத்துக்கால்வாய்களைத் தூர்வாரி, மழைநீர் வடிகாலில் கழிவுநீர் கலக்கும் இணைப்புகளை அடைத்துவிட வேண்டும் என்பதையே குடியிருப்போர் சங்கங்களும் மாமன்ற உறுப்பினர்களும் முதல் கோரிக்கையாக முன்வைக்க வேண்டும்.