குலக்கல்வியை ஒழித்தவருக்குக் குலப்பூட்டா?

விருதுநகரிலே ஒரு வீடு. மாடமில்லை, மாளிகைச் சாயலில்லை. எளியோர் வாழ்ந்த எளிய வீடு; இன்று அரசு காத்துவரும் நினைவு இல்லம். காமராசர் வளர்ந்த அவ்வீட்டைக் காட்டிடப் பரளச்சியிலிருந்து மாணவர் சிலரை அழைத்துச் சென்றோம். படங்களைப் பார்த்து முடித்த சிறுவன் ஒருவன் மெல்லக் கேட்டான்: “சார், இவரு எந்த ஆளுக?”

கேட்டவன் மணிக்கட்டிலே வண்ணக் கயிறு! நாணித் தலைகுனிந்தோம்.

சிறுவனைக் கடிந்து பயனென்ன? ஆண்டுதோறும் சூலை 15 வந்தால், அப்பெருமகன் பெயரோடு சாதி வாலை ஒட்டிச் சுவரெல்லாம் படம் ஒட்டுகிறார்களே, அவர்கள் கற்பித்த பாடமன்றோ அது! உறவினர் பெருமை கொள்வதும் தவறோ என்பர். பெருமை கொள்ளட்டும், வேலி போட வேண்டா என்கிறோம்.

அந்த வீடு சொல்லும் கதை என்ன? இளமையிலே தந்தையை இழந்த பிள்ளை, பள்ளிப் படிப்பைப் பாதியிலே விட்டுத் துணிக்கடையில் நின்றது. அப்பிள்ளைதான் 1954இல் முதலமைச்சரானது. ஒன்பது ஆண்டுகள் அவர் கோட்டையிலே ஆண்டபோதும், அன்னை சிவகாமி அம்மையார் வாழ்ந்தது இவ்வீட்டிலேதான்.

1953இல் வந்த கல்வித் திட்டம் என்ன சொன்னது? பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில் என்றது! குலக்கல்வி என்று கொதித்தெழுந்தது தமிழகம். 1954இல் அதனைக் குழிதோண்டிப் புதைத்தவர் காமராசர். ஊர்தோறும் பள்ளி திறந்தார். 1956 முதல் பள்ளியிலே பகலுணவு பரவச் செய்தார். பச்சைத் தமிழர் என்று பெரியார் பாராட்டியது குலம் பார்த்தா? கொள்கை பார்த்தன்றோ!

குலத்தொழிலிலிருந்து பிள்ளைகளை விடுவித்தவரை, குலக்கூண்டிலே அடைப்பது எவ்வகை நன்றி? மாலை போட்ட கையாலேயே மாண்பைக் கொல்வதன்றோ!

2023இல் நாங்குநேரியிலே மாணவன் ஒருவனை, உடன்படித்த மாணவரே அரிவாளால் வெட்டினர். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளிலே வண்ணக் கயிறுகள் கூடா என்று 2024இல் பரிந்துரைத்தது. கயிறென்று எண்ணாதீர், தோழர்களே! அறிவைக் கட்டும் தளை அது.

கரிமூட்டப் புகையிலும் கண்மாய்க் கரையிலும் வளரும் எங்கள் வறண்ட சீமைப் பிள்ளைக்குக் காமராசர் விட்டுச்சென்ற சொத்து, அவ்வீடு மட்டுமன்று. அவன் உட்காரும் வகுப்பறை. அங்கே அருகிருப்பவன் யார் பிள்ளை என்று கேளாதிருப்பதே அவருக்கு நாம் செலுத்தும் வாடகை.

“உன் ஆள்தான் தம்பி, நீ எந்தத் தெருவில் பிறந்திருந்தாலும்!” என்றோம் அச்சிறுவனிடம். கயிறு இன்னும் அவன் கையில்தான் இருக்கிறது. நாம் அறுத்தால் வீட்டிலே மறுநாள் வேறொன்று கட்டுவர். பெற்றோரே, முதலில் உங்கள் கையை அவிழுங்கள்!