மின்மடலும் மெய்ப்பொருளும்

கடிதம் என்பது நம்பிக்கையின் மறுபெயராய் விளங்கிய காலம் ஒன்று உண்டு. கடல் கடந்து சென்ற மகனின் கையெழுத்தைக் கண்ட அளவிலேயே தாயுள்ளம் குளிர்ந்தது. உறையின் மேல் குத்தப்பட்ட அஞ்சல் முத்திரை, அது எவ்வூரிலிருந்து வந்தது என்பதற்குச் சான்று பகர்ந்தது. இன்று நம் இல்லத்துக் கணிப்பொறிக்கு வரும் மின்மடலில் கையெழுத்தும் இல்லை, முத்திரையும் இல்லை. ஆயினும் பழைய நம்பிக்கையோடேயே அதனைத் திறக்கிறோம். தீங்கு அங்கேதான் தொடங்குகிறது.

இது கணிப்பொறித் துறையினர் பார்த்துக்கொள்ள வேண்டிய பொருள் என்று பலர் கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. வஞ்சக மடல் முதலில் தாக்குவது கணிப்பொறியை அன்று, படிப்பவரின் மனத்தையே. அதன் படைக்கலம் மொழி. ‘இன்றே விவரம் தராவிடில் உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படும்’ என்று அச்சுறுத்தும். ‘உங்களுக்குப் பரிசு விழுந்துள்ளது’ என்று ஆசை காட்டும். ‘வளைகுடா நாட்டில் வேலை உறுதி, முன்பணம் அனுப்புக’ என்று நம் வீட்டு வறுமையோடு பேரம் பேசும். எனவே இது வாசிப்பைப் பற்றிய சிக்கல். தமிழ்த் துறைக்கும் இதில் கடமை உண்டு என்பது நம் துணிபு.

நம் முன்னோர் காட்டிய நெறி

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் நின்றன. ஆதலின் டாக்டர் உ.வே. சாமிநாதையர் ஒரு சுவடியை மட்டும் நம்பிவிடவில்லை. பல சுவடிகளை ஒப்புநோக்கிய பின்னரே 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஹதீஸ் கலை அறிஞர்களோ, செய்தியை மட்டுமின்றி, அதனை அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்னும் ‘இஸ்னாத்’ தொடரையும் துருவி ஆராய்ந்தனர். தீயவன் கொணரும் செய்தியைத் தீர விசாரித்துத் தெளியுமாறு திருமறையின் ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயம் பணிக்கிறது. வள்ளுவரும் ‘தெரிந்துதெளிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராய்ந்து நம்புதல் மரியாதைக் குறைவு அன்று. அது நம் இரு மரபுகளும் விதித்த ஒழுக்கம்.

இந்நெறியை மின்மடலுக்கும் பொருத்துவோம். முதலில், அனுப்பியவரின் பெயரோடு நின்றுவிடாமல் முழு முகவரியையும் எழுத்தெண்ணிப் படிக்க வேண்டும். ஆங்கில ‘எம்’ எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ என்னும் இரண்டையும் நெருக்கி வைத்து ஏமாற்றுவோர் உளர். சுவடியில் ரகரமும் காலும் மயங்கியது போன்றதே இதுவும். அடுத்து, மடலில் உள்ள இணைப்பையோ தொலைபேசி எண்ணையோ நாடாமல், வங்கிக் கணக்குப் புத்தகத்தில் அச்சிட்டுள்ள எண்ணில் அழைத்து ஒப்புநோக்க வேண்டும். வேலை தருவதாகச் சொல்பவர் அரசிடம் பதிவு பெற்ற முகவர்தாமா என்றும் பார்த்தல் வேண்டும். கடவுச்சொல்லையும் ஒருமுறைக் கடவு எண்ணையும் எவர் கேட்பினும் தருதல் ஆகாது.

அறிந்தவர் பெயரில் வந்தது என்பதும் முழுச் சான்று ஆகாது. 2000ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து ‘ஐ லவ் யூ’ என்னும் தலைப்போடு ஒரு மடல் புறப்பட்டது. காதல் கடிதம் போலத் தோன்றிய அதன் இணைப்பு, உண்மையில் ஒரு கட்டளை நிரல். திறந்தவரின் முகவரிப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் அவர் பெயராலேயே அது தன்னை அனுப்பிக்கொண்டது; படங்கள் முதலான கோப்புகளையும் அழித்தது. நண்பர் பெயரைக் கண்டு திறந்தோரே மிகுதி.

வீட்டுக் கதவைத் தாழிடுதல்

மடலில் மட்டும் விழிப்பாய் இருத்தல் போதாது. 2017ஆம் ஆண்டு மே 12இல் பரவிய ‘வான்னாகிரை’ என்னும் பிணைப்பணத் தீநிரல், எவரும் எதையும் திறவாமலேயே கணிப்பொறி விட்டுக் கணிப்பொறி தாவியது. பிரிட்டனின் மருத்துவமனைகளும் தடுமாறின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. பெற்றுப் பொருத்தாதவரே பெரிதும் துன்புற்றனர். ஆகவே புதுப்பித்தலை ‘நாளை பார்ப்போம்’ எனத் தள்ளுதல் கூடாது. விண்டோஸ் 10க்கு வழங்கப்பட்ட பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிவுற்றதையும் அதனை வைத்திருப்போர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வைரஸ் தடுப்பு நிரலை அணைத்து வைத்தல், ஒரே கடவுச்சொல்லை எல்லாவற்றிற்கும் வைத்தல் ஆகியன தவிர்க்கத்தக்கன. குடும்பப் படங்களையும் சான்றிதழ்களையும் தனி வன்தட்டில் படியெடுத்து, அதனைக் கணிப்பொறியினின்றும் கழற்றி வைத்தல் நன்று. இணைத்தே வைத்திருந்தால் மூலத்தோடு படியும் அழியக்கூடும்.

நாணம் வேண்டாம்

இறுதியாக ஒன்று. ஏமாந்தவரைக் கண்டு நகைக்கும் வழக்கம் நம்மிடையே உள்ளது. அந்த நகைப்புக்கு அஞ்சியே முதியோர் பலர் இழப்பை மறைக்கின்றனர்; அவர்களின் மௌனம் வஞ்சகனுக்கே துணையாகிறது. பணம் பறிபோனதை அறிந்த உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தால், அது கைமாறும் முன் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. காலம் தாழ்த்தினால் அவ்வாய்ப்பு நழுவும்.

மாணவச் செல்வங்களே! விடுமுறைக்கு இல்லம் செல்லும்போது அத்தா, அம்மாவின் அருகில் அமர்ந்து, வந்த மடல்களைச் சேர்ந்து படியுங்கள். ‘இதுகூடத் தெரியாதா’ என்று கடிந்துகொள்ளாதீர்கள். உங்களுக்கு முதல் எழுத்தைக் காட்டிய விரல்கள் அவை. இப்போது எழுத்தைக் காட்டும் முறை உங்களுடையது. எல்லாம் வல்ல இறைவன் நம் இல்லங்களைக் காத்தருள்வானாக.