எட்டு மணி உழைப்பும் எஞ்சிய பொழுதும்

பகலெல்லாம் பிறர்க்கு உழைத்துவிட்டு, இரவில் தனக்கென ஒரு மணிப் பொழுதைப் பிடுங்கிக்கொண்டு, மென்பொருள் நிறுவனங்களின் நேர்காணலுக்கு அணியமாகும் தமிழிளைஞனைப் பற்றியே இதனை எழுதுகின்றோம். அவன் சோம்பனல்லன், அறிவிலியுமல்லன். ஆயினும் மூன்று முறை, நான்கு முறை சென்று தலைகவிழ்ந்து திரும்புகின்றான். ஏன்?

காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கம் வான்மழையை நம்பிய புன்செய் நிலம். மழை பொய்த்தால் வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம் போடுதலே பல ஊர்களில் பிழைப்பு. அதனை விட்டால் நூற்பாலை, தறி. இத்தகைய வீட்டிலிருந்து படித்து வந்த பிள்ளை, வேலையை உதறிவிட்டு ஆறு திங்கள் அறைக்குள் அமர்ந்து படிக்க இயலுமோ? செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு இயலும். இவனுக்கோ ஒரு திங்கள் ஊதியம் நின்றால் அடுப்பு நிற்கும். வேலையிலிருந்துகொண்டே படித்தல் இவன் விரும்பி ஏற்றதன்று. வேறு வழியின்மையால் நேர்ந்தது.

ஆகவே முதல் வினா, அவன் பொழுது எவருடையது என்பதே. 1923-ஆம் ஆண்டு மே முதல் நாளன்று சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர் சென்னையில் மே நாள் கொண்டாடினார். இந்தியாவில் அதுவே முதன்முறை. எட்டு மணிக்கு மேல் உழைப்பாளியைப் பிழியலாகாது என்னும் போராட்டத்திற் பிறந்த நாள் அஃது. சரியாக நூறாண்டு கழித்து, 2023 ஏப்பிரல் 21-இல், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி வரை வேலைவாங்க வழி திறக்கும் சட்டத்திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று! கிழமைக்கு நாற்பத்தெட்டு மணிதானே என்று அமைதி கூறினர். தொழிற்சங்கங்கள் கொதித்தெழவே, அவ்வாண்டு மே நாளன்றே அது திரும்பப் பெறப்பட்டது. நல்லது. ஆனால் அந்நாளில் நடந்த வழக்காடல்களில், பன்னிரண்டு மணி உழைத்தவன் எப்பொழுது படிப்பான் என்று கேட்டவர் மிகச் சிலரே. பேருந்தில் இரண்டு மணி, உணவுக்கும் குளியலுக்கும் இரண்டு மணி போனபின் அவனுக்கு எஞ்சுவது உறக்கம் மட்டுமன்றோ?

எஞ்சிய பொழுதை எப்படிச் செலவிடுகின்றான் என்பது அடுத்தது. இங்கேதான் நம் இளைஞர் ஏமாறுகின்றனர். விடைகளை நூற்றுக்கணக்கில் மனப்பாடம் செய்கின்றனர். நேர்காணல் செய்பவன் வினாவைச் சற்றே திருப்பிக் கேட்டால் நா எழவில்லை. அகரமுதலியில் சொல் தேடுபவன் முதற் பக்கத்திலிருந்தா புரட்டுவான்? நடுவில் பிரிப்பான், சொல் முன்னா பின்னா என்று பார்த்து, ஒரு பாதியைத் தள்ளுவான். ஆயிரம் பெயர்கள் வரிசையாய் இருந்தால் பத்துப் பார்வையில் முடியும். பத்து இலக்கமானாலும் இருபது பார்வைதான். இதற்கு இருமத் தேடல் என்று பெயர். நேர்காணலில் அடிக்கடி வருவது. நாற்பதாம் எண் நூல் என்றால் 840 கெசம் கொண்ட நாற்பது சிட்டங்கள் ஒரு பவுண்டு எடை என்று நூற்பாலையிற் கணக்கிடத் தெரிந்தவனுக்கு இது புரியாதோ? நாள்தோறும் ஒரே ஒரு கணக்கு. அதனைத் தாளில் தமிழில் விளக்கி எழுதி, தம்பிக்கோ தங்கைக்கோ சொல்லிக் காட்டினால் போதும். இரவில் மூளை ஓய்ந்துவிடும் என்பவர், வேலைக்குக் கிளம்புமுன் விடியலில் ஒரு மணியைப் பயன்படுத்துக.

தமிழில் எழுதினால் கணிப்பொறி ஏற்குமோ என்று நகைப்பார் உளர். 2008-இல் வெளிவந்த பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பிலிருந்து, மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழெழுத்திலேயே பெயரிடலாம். ஆங்கிலம் வேண்டா என்று யாம் கூறவில்லை. அஃது ஒரு கருவி, கற்றுக்கொள்க. ஆனால் கணக்கை விளங்கிக்கொள்ளும் மொழியும், விளங்கியதை வேற்றார்க்கு எடுத்துரைக்கும் மொழியும் ஒரே நொடியில் மோதும்போதுதான் நம் இளைஞன் திக்குகின்றான். திக்கியவனை அறிவில்லாதவன் என்று எழுதி அனுப்பிவிடுகின்றனர்.

பொறியியற் கல்விக்கான நடுவண் நுழைவுத் தேர்வின் வினாத்தாள் 2021 முதல் தமிழிலும் உண்டு. நடுவண் காவற்படைகளின் காவலர் தேர்வும் 2024-இல் தமிழில் நடந்தது. துப்பாக்கி ஏந்துபவனிடம் தமிழில் வினவ முடியுமாயின், நிரல் எழுதுபவனிடம் வினவ முடியாதோ?

நிறுவனங்களிடம் கேட்க வேண்டியவை இன்னும் உள. பெரிய நிறுவனங்கள் பலவற்றில், விலகுவதற்குத் தொண்ணூறு நாள் முன்னறிவிப்பு வேண்டும். புதிதாய் எடுப்பவனோ நாளையே வா என்கின்றான். உண்மைச் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் சிறு முதலாளிகளும் உளர். இவ்விரண்டிற்கும் நடுவில் நசுங்குபவன் வேலையிலிருந்துகொண்டே வேலை தேடுபவன். மதுரை இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் அரசின் எல்காட் நிறுவனம் அமைத்த வளாகங்களில் இடம்பெறும் நிறுவனங்களுக்கேனும், கணக்கைப் பற்றிய நேர்காணல் தமிழில் வேண்டுவோர்க்குத் தமிழிலேயே நடத்தப்படல் வேண்டும் என்று அரசு நெறி வகுக்கலாம். ஞாயிறன்றோ மாலை ஆறு மணிக்குப் பின்னரோ அந்நேர்காணலை வைக்கவும் சொல்லலாம். அதற்கு எவருக்கும் ஒரு காசும் செலவில்லை.