அந்த 30 நொடி யாருக்காக? டிவி ப்ரோமோவும் விருது மேடையும்

ஒரு மணி நேர டிவி ஒளிபரப்பில் விளம்பரத்துக்கு 12 நிமிடம்தான். 1994-ம் ஆண்டு கேபிள் டிவி விதிகளின் கணக்கு அது. அதில் 10 நிமிடம் சோப்பு, நகைக்கடை, ரியல் எஸ்டேட்டுக்கு. மிச்சம் 2 நிமிடம் சேனல் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ள. (இந்த விதி எந்த அளவுக்கு நடைமுறையில் இருக்கிறது என்பது ரிமோட்டைப் பிடித்திருப்பவர்களுக்கே தெரியும்!)

அந்த 2 நிமிடத்துக்குள் வருவதுதான் ப்ரோமோ. சேனலில் இதற்கென்றே தனி டீம் உண்டு. எபிசோடு ஃபுட்டேஜ் கைக்கு வந்ததும் உட்கார்ந்து பார்க்க வேண்டும், ‘பஞ்ச்’ எங்கே என்று பிடிக்க வேண்டும், ஸ்கிரிப்ட் எழுதி, வாய்ஸ் ஓவர் வாங்கி, பிஜிஎம் போட்டு, கடைசியில் நாள், நேரம் சொல்லும் கார்டு ஒட்ட வேண்டும். ஒரே ப்ரோமோவை 40 நொடி, 20 நொடி, 10 நொடி என்று வெட்டித் தர வேண்டும். ‘நாளை’, ‘இன்று’, ‘அடுத்து’ என்று ஒவ்வொன்றுக்கும் தனி வெர்ஷன். பெரும்பாலும் அன்றைக்கே முடிக்க வேண்டிய வேலை. “இந்தியத் தொலைக்காட்சிகளில் முதல் முறையாக” என்ற குரலைக் கேட்டாலே பண்டிகை வந்துவிட்டது என்று புரிந்துகொண்ட தலைமுறை இங்கே இருக்கிறது. ஆனால் அந்த வரியை எழுதியது யார் என்று யாருக்கும் தெரியாது.

இந்த வேலைக்கு விருதும் உண்டு. 1956-ல் அமெரிக்காவில் ஒளிபரப்பு ப்ரோமோஷன் துறையினர் சேர்ந்து தொடங்கிய சங்கம்தான் இன்றைய ப்ரோமேக்ஸ். இந்தியாவிலும் அது விருது வழங்கியிருக்கிறது. அமெரிக்காவின் பிராந்திய எம்மி விருதுகளிலும் ப்ரோமோவுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

சிக்கல் இங்கேதான். ப்ரோமோவில் இரண்டு வகை. ஒன்று, சேனலின் முகத்தைக் காட்டும் இமேஜ் ப்ரோமோ. நல்ல கேமரா, தனிப் பாட்டு, பல நாள் ஷூட்டிங். இன்னொன்று, ‘இன்று இரவு பாருங்கள்’ என்று அழைக்கும் தினசரி ப்ரோமோ. மேடை ஏறுவதற்கு முதல் வகைக்குத்தான் வசதி அதிகம். ஜனங்களை டிவி முன்னால் உட்கார வைப்பது என்னவோ இரண்டாவது வகை.

இமேஜ் ப்ரோமோவின் பலத்துக்கும் பலவீனத்துக்கும் அமெரிக்காவிலேயே ஒரு கதை இருக்கிறது. அங்கே ஊருக்கு ஊர் தனி டிவி நிலையங்கள், அவற்றுக்குள் கடும் போட்டி. 1980-களில் ஃப்ராங்க் காரி என்பவர் ‘ஹலோ’ என்றொரு ப்ரோமோ பாட்டு போட்டார். மில்வாக்கியில் அது ‘ஹலோ மில்வாக்கி’. கனடாவின் கல்கரியில் ‘ஹலோ கல்கரி’. ட்யூன் அதேதான், ஊர்ப் பெயர் மட்டும் மாறும். இப்படி நூறு ஊர்களுக்கு மேல் அந்தப் பாட்டு போனது. கேட்டவர்கள் ‘இது நம்ம ஊர் பாட்டு’ என்று நெகிழ்ந்தார்கள். பக்கத்து ஊரிலும் அதே பாட்டு ஓடுகிறது என்று கண்டுபிடிக்க அப்போது வழியில்லை. யூடியூப் வந்த பிறகு எல்லா ‘ஹலோ’க்களையும் வரிசையாகப் போட்டுக் கேட்க முடிகிறது.

தமிழ் சேனல்களின் தினசரி ப்ரோமோவுக்கும் இப்போது அதே சோதனைதான். ஒரு சீனில் பேசிய டயலாக், வேறொரு சீனில் எடுத்த ரியாக்‌ஷன் ஷாட். இரண்டையும் ஒட்டினால் எபிசோடில் நடக்காத சண்டை ப்ரோமோவில் நடந்துவிடும். ஹீரோயின் கழுத்தில் தாலி ஏறும், மறுநாள் பார்த்தால் அது வில்லியின் கனவு! ஒரு காலத்தில் இதை வீட்டோடு திட்டிவிட்டு விட்டுவிடுவார்கள். இப்போது ப்ரோமோ மதியமே மொபைலுக்கு வந்துவிடுகிறது. “இதுவும் கனவுதான், யாரும் நம்பாதீங்க” என்ற கமென்ட் அதற்குக் கீழேயே வந்து விழுகிறது.

ரேட்டிங் வாராவாரம் வருகிறது. அந்த வாரத்து எண்ணுக்கு இந்த ஒட்டுவேலை உதவலாம். அதனால் ப்ரோமோ எடிட்டரை மட்டும் குறை சொல்வதில் அர்த்தமில்லை. எபிசோடில் விஷயமே இல்லாத நாளிலும் 30 நொடிக்குப் பரபரப்பு வேண்டும் என்று கேட்பது அவர் அல்ல. ஆனால் திட்டு விழுவது அவர் வெட்டிய வீடியோவுக்குக் கீழேதான். உண்மையிலேயே பெரிய திருப்பம் வரும் நாளில் அதே பார்வையாளரை அதே 30 நொடியில் நம்ப வைக்க வேண்டியவரும் அவர்தான்.

விருதுக் குழுக்கள் நினைத்தால் இதில் ஒன்று செய்யலாம். தினசரி ப்ரோமோவுக்கு விருது கொடுக்கும்போது, போட்டிக்கு வரும் 30 நொடியோடு அது எந்த எபிசோடுக்காக வெட்டப்பட்டதோ, அதையும் கேட்டு வாங்கலாம். சீரியல் என்றால் 22 நிமிடம்தான் கூடுதலாகப் பார்க்க வேண்டியிருக்கும்.