காய் விழும், ஜாக்கிரதை!

உங்களிடம் ஒரு சின்னக் கேள்வி. உங்கள் தெருவில் என்னென்ன மரங்கள் இருக்கின்றன?

டீக்கடை எங்கே, ஏ.டி.எம். எங்கே, எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்தத் திருப்பத்தில் டிராஃபிக் போலீஸ் மறைந்து நிற்பார்... தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். மரம் என்றால் மட்டும், "அதான் சார், பச்சையா ஒண்ணு நிக்குமே!"

பச்சையாய் நிற்கும் அப்படி ஒன்றைப் பற்றித்தான் இந்த வாரம்.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் அபார்ட்மென்ட் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு மரம். சாதாரண மரம் என்றால் மேலே கிளை, கிளை நுனியில் பூ, அப்புறம் காய் என்று ஆபீஸ் ஃபைல் மாதிரி ஒரு வரிசை இருக்கும். இதில் அந்தப் பேச்சே கிடையாது. அடிமரத்திலிருந்தே கயிறு கயிறாகத் தொங்குகிறது. கயிறு முழுக்கப் பூ. தடித்த இதழ்கள் ஆறு. ரோஸ், சிவப்பு, கொஞ்சம் மஞ்சள். நடுவில் பாம்பு படமெடுத்தாற்போல் ஒரு குடை. குடைக்குக் கீழே குட்டியாக ஒரு லிங்கம்.

ஆமாம், நாகலிங்க மரம்!

பார்த்தவுடன் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறதல்லவா? போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் சாமியின் சொந்த ஊரையும் தெரிந்துகொள்ளுங்கள். தென் அமெரிக்கா! கயானா, அமேசான் காட்டுப் பக்கம். 1775-ல் ஓப்லே என்கிற பிரெஞ்சுக்காரர் இதற்கு 'குரூபிட்டா கயானென்சிஸ்' என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரன் காயைப் பார்த்து 'பீரங்கிக் குண்டு மரம்' என்றான். நம் ஆள் பூவைப் பார்த்து நாகலிங்கம் என்றான். இலங்கையில் விகாரைகளில் இதையே 'சால மரம்' என்று வணங்குகிறார்கள். புத்தர் கதையில் வருகிற நிஜ சால மரம் வேறு ஜாதி. மரம் எதற்கும் மறுப்பு அறிக்கை விடவில்லை. யார் எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் பூக்கிறது.

அந்நிய மரமா என்று யோசிக்காதீர்கள். காலையில் நீங்கள் சாப்பிட்ட பொங்கலில் இருந்த முந்திரியும், சட்னியில் இருந்த மிளகாயும், தக்காளியும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவைதான். கப்பலேறி வந்து நம் சமையலறையில் உட்கார்ந்துவிட்டன. இது வாசலில் நிற்கிறது.

இந்தப் பூவிடம் ஒரு வியாபாரத் தந்திரம் இருக்கிறது. அதில் ஒரு சொட்டுத் தேன் கிடையாது. ஆனாலும் விடிந்தால் வாசனைக்குத் தேனீ கூட்டம் கூட்டமாக வருகிறது. ஏன்? மகரந்தத்துக்கு. அதில் இரண்டு ரகம். மேலே பாம்புப் படத்தில் இருப்பது தேனீ தின்பதற்கு. அது முளைக்காது. கீழே வட்டமாக இருப்பதுதான் அசல் சரக்கு. தேனீ மேலே மேய்ந்துகொண்டிருக்கும்போது, கீழே இருப்பது அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போய்விடும். பி.காம். படித்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். மேலே இருப்பது விளம்பரச் செலவு. கீழே நடப்பது டெலிவரி. எந்தப் பாடப் புத்தகத்திலும் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

எல்லாம் சரி. பிரச்னை காயில்தான். ஒவ்வொன்றும் சின்ன ஃபுட்பால் சைஸ். ஓடு மரக்கட்டை மாதிரி. பழுக்க ஒரு வருஷம் போல எடுத்துக்கொள்ளும். பழுத்ததும் முன்னறிவிப்பில்லாமல் தொப்பென்று விழும். உடைந்தால் வருகிற நாற்றம் இருக்கிறதே... மூன்று நாள் பூட்டி வைத்த டிபன் கேரியரைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? அது பரவாயில்லை.

போன மாதம் அப்படி ஒரு காய், மூன்றாவது மாடிக்காரரின் புதுக் காரின் பானெட்டில் இறங்கியது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. பானெட்டில் மட்டும் ஒரு பள்ளம். சாயங்காலமே அசோசியேஷன் மீட்டிங்.

"மரத்தை எடுத்துடலாம்" என்றார் அவர். "நாளைக்கு ஒரு குழந்தை தலையில விழுந்தா யார் பொறுப்பு?"

நியாயமான கேள்விதான். சிரித்துத் தள்ளிவிட முடியாது. "2016 டிசம்பர்ல வர்தா புயல் வந்தப்போ சென்னையில ஆயிரக்கணக்கான மரம் விழுந்துச்சு. இது அசையலையே!" என்று முதல் மாடி மாமி எதிர்வாதம் செய்தார். செகரட்டரி என் பக்கம் திரும்பினார். "நீங்க காமர்ஸ்தானே? லாப நஷ்டம் போட்டுச் சொல்லுங்க."

போட்டேன். பற்றுப் பக்கம்: பானெட் ஒன்று, நாற்றம், குழந்தைகளுக்கு ஆபத்து. வரவுப் பக்கம்: நிழல், வாசனை, மாமியின் பூஜைக்குப் பூ. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை இலையெல்லாம் கொட்டிவிட்டு, ஒரே வாரம் பத்து நாளில் புதுச் சட்டை போட்டுக்கொள்கிற அழகை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது? பேலன்ஸ் டேலி ஆகவில்லை.

அந்த நேரம் பார்த்து, துணி மூட்டையோடு இஸ்திரிக்காரர் படியேறி வந்தார். சுவருக்கு வெளியே அந்த மரத்து நிழலில்தான் அவர் வண்டி நிற்கிறது. இருபத்திரண்டு வருஷமாக. மே மாத வெயிலில் கரிப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளுக்கு நிழல் என்பது அழகு சமாசாரம் இல்லை, முதலீடு. ஆனால் மீட்டிங்கில் அவருக்கு ஓட்டு கிடையாது.

மூன்றாவது மாடிக்காரரின் சட்டைகளை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "காய் எல்லாம் அடிமரத்துலதான் சார் தொங்குது. நேர் கீழேதான் விழும். இத்தினி வருஷத்துல என் வண்டி மேல ஒண்ணுகூட விழுந்ததில்ல. காரு எட்டடி தள்ளி நிக்கும் சார். மரம் நிக்குமா?"

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை.

தீர்மானம் இப்படி முடிந்தது: மரத்தைச் சுற்றி எட்டடிக்குக் கம்பி வேலி, அதற்குள் கார், குழந்தை எதற்கும் அனுமதியில்லை. காய் எலுமிச்சை அளவில் இருக்கும்போதே ஆள் வைத்துக் காம்போடு அறுத்துவிடுவது. செலவு வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு. ஐந்துக்கு நாலு ஓட்டில் மரம் பிழைத்தது. வித்தியாசம் ஒரே ஓட்டு என்பதை நினைத்தால் இன்னும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அடுத்த வருஷமும் மீட்டிங் வரும்.

உங்கள் தெரு மரத்துக்கும் ஒரு நாள் இப்படி மீட்டிங் நடக்கும். அன்றைக்கு அதன் பெயராவது தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டாமா? நாளைக் காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது செல்போனைப் பையில் போட்டுவிட்டு இரண்டு நிமிஷம் அண்ணாந்து பாருங்கள். என்ன மரம் என்று தெரியாவிட்டால் கீழே வண்டி போட்டிருப்பவரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியும்.

நாகலிங்கம் என்று சொன்னால் மட்டும், எட்டடி தள்ளி நின்று ரசியுங்கள்!