தொப்பியும் தொழிலாளியும்

ஐக்கிய அமெரிக்க நாட்டில் கனெக்டிகட் மாகாணத்தைச் சேர்ந்த டான்பரி என்னும் ஊர் ஒரு காலத்தில் தொப்பி நகரமென்றே பிரசித்தி பெற்றிருந்தது. 1780 ஆம் வருஷத்தில் அங்கே முதல் தொப்பிப் பட்டறை ஏற்பட்டதாகச் சொல்லுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வூர்க் குடும்பங்களில் பெரும்பாலானவை தொப்பித் தொழிலையே நம்பிப் பிழைத்தன. அவ்வூரின் சரித்திரத்தை நமது தொழிற்சங்க ஊழியர்களும், சட்டசபைக்குச் செல்ல விரும்புவோரும் ஊன்றிக் கவனிக்க வேண்டுமென்பது நமது கோரிக்கை. தேசத்தில் கைத்தொழில் பெருக வேண்டுமென்று நாம் ஓயாது பேசுகிறோம். அது பெருகும்போது அதில் உழைப்பவனுடைய சரீரத்துக்கு என்ன நேருகிறதென்பதை விசாரிப்பதும் நமது கடமையேயாகும்.

ரோமத் தொப்பி செய்யும் முறை பின்வருமாறு: முயல் முதலிய பிராணிகளின் தோலிலுள்ள ரோமத்தின்மீது, பாதரசத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்த திராவகத்தைப் பூசுவார்கள். அதனால் ரோமம் முரடாகி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். உலரும்போது அது செம்மஞ்சள் நிறமடைவதால் இவ்வேலைக்குக் காரட் கிழங்கின் பெயரையே ஆங்கிலத்தில் இட்டார்கள். பிறகு ரோமத்தை வெட்டியெடுத்து, துளைகளுள்ள செப்புக் கூம்பின்மேல் காற்றின் வேகத்தால் படியவைத்து, வெந்நீரில் நனைத்து, உருட்டிச் சுருக்கி, சாயமேற்றி, அரக்குக் கரைசலால் விறைப்பாக்குவார்கள். கடைசியில் வருவது முடிப்பு வேலை. தொப்பியை நீராவியில் இளக்கி மர அச்சில் இழுத்து அமைப்பதும், இஸ்திரி போடுவதும், உப்புத்தாளால் மேற்புறத்தைத் தேய்த்து மழமழப்பாக்குவதும், விளிம்பை அளந்து வெட்டுவதும் இதில் அடங்கும். பின்னர் ஸ்திரீகள் உள்ளே தோற்பட்டையும் பட்டுத் துணியும், வெளியே நாடாவும் வைத்துத் தைப்பார்கள்.

இவ்வளவும் ஆனபின் தொப்பி பரிசோதகரிடம் போய்ச் சேரும். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சாயம் திட்டுத்திட்டாக ஏறியிருக்கிறதா, மேற்புறத்தில் குழியோ வடுவோ உண்டா, விளிம்பு சுற்றிலும் ஒரே அகலமா, தையல் நேராக ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பார். குறை கண்டால் தொப்பி திரும்பிவிடும். இவ்வளவு கண்டிப்பான பரிசோதனை இருந்ததனாலேயே அத்தொப்பிகளுக்குச் சந்தையில் மதிப்பிருந்தது. இதை நாம் குறை கூறவில்லை. நமது தொழிற்சாலைகளுக்கும் அந்தக் கண்டிப்பு வேண்டியதே.

ஆயின், முதலில் பூசிய பாதரசம் முழுவதும் ரோமத்தை விட்டு நீங்குவதில்லை. நீராவியும் இஸ்திரிப் பெட்டியின் சூடும் படும்போதெல்லாம் அது ஆவியாகி எழும். தேய்ப்பதால் கிளம்பும் தூசியிலும் அது கலந்திருக்கும். அந்தக் காற்றை வருஷக்கணக்காகச் சுவாசித்தவர்களுக்கு ஈறு வீங்கிப் பல் ஆடியது. கை விரல்கள் நடுங்கின. கையெழுத்துக் கோணியது. மனமும் மாறியது. கலகலப்பாக இருந்தவன் கூச்சங்கொண்டு ஒதுங்கினான். சாதுவானவன் சிறு சொல்லுக்கும் சீறி விழுந்தான். விஷயமறியாதவர்கள் அவனைக் குடிகாரனென்று ஏசினார்கள். இந்நோய்க்கு 'டான்பரி நடுக்கம்' என்றே பெயர் வழங்கலாயிற்று. தொப்பிக்காரனைப் பைத்தியத்துக்கு உவமை கூறும் ஆங்கிலப் பழமொழி இதிலிருந்துதான் பிறந்ததா என்பதில் பண்டிதர்களுக்குள் அபிப்பிராய பேதமுண்டு. நோய் உண்மை என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை.

இது யாரும் அறியாத ரகசியமாகவும் இருக்கவில்லை. 1700 ஆம் வருஷத்திலேயே இத்தாலிய வைத்தியர் ரமாஸினி, பாதரசத்தைக் கையாளும் தொழிலாளரின் துன்பத்தைப் பற்றி எழுதினார். நோயாளியிடம் அவன் செய்யும் தொழில் யாதென்றும் வைத்தியன் கேட்க வேண்டுமென்று வற்புறுத்தியவரும் அவரே. 1860 இல் நியூ ஜெர்ஸி மாகாணத்து டாக்டர் பிரீமன் தொப்பித் தொழிலாளரின் பாதரச நோயை விவரித்துப் பிரசுரித்தார். ஆயினும் அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசம் நின்றது 1941 டிசம்பரில்தான். பிரீமன் எழுதியபின் 81 வருஷங்கள் கடந்தன. அப்போதும் மனிதனிடம் வைத்த இரக்கம் மாத்திரம் காரணமல்ல. யுத்தத்தில் வெடிகளுக்குப் பாதரசம் தேவைப்பட்டதும் ஒரு காரணமாயிற்று. அதற்குப் பதிலாக ஹைட்ரஜன் பெராக்ஸைடு முதலியவற்றைக் கொண்டு தொப்பி செய்யலாமென்பதும் தெளிவாயிற்று.

இந்த 81 வருஷங்களுக்கு நடுவில் டான்பரியைப் பற்றி அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. லோவே என்னும் முதலாளி 1902 இல் தொழிற்சங்கத்தை அங்கீகரிக்க மறுத்தார். சங்கத்தார் வேலைநிறுத்தம் செய்து, அவருடைய தொப்பிகளைத் தேசமெங்கும் பகிஷ்கரிக்கச் செய்தார்கள். பெரிய முதலாளிகளின் ஏகபோகத்தைத் தடுக்க 1890 இல் இயற்றப்பட்ட சட்டம் இத்தொழிலாளர் மீதே பாயுமென்று 1908 இல் நீதிபதிகள் கூறினார்கள். நஷ்டத்தைப் போல் மூன்று பங்கு தண்டம் என்பது அச்சட்டத்தின் விதி. சங்க அங்கத்தினர் தனித்தனியே பொறுப்பாளிகளென்று 1915 இல் முடிவாயிற்று. அவர்களுடைய வீடுகளும் பாங்கியிலிருந்த சேமிப்பும் ஜப்திக்குள்ளாயின. 1917 இல் சுமார் 2,34,000 டாலர் செலுத்தி வழக்கைத் தீர்த்தார்கள். விற்காத தொப்பியின் நஷ்டத்தைக் கணக்கிட்டு அதை மூன்றால் பெருக்கச் சட்டத்துக்குத் தெரிந்தது. தொப்பி செய்த கை நடுங்கியதன் நஷ்டம் எவ்வளவென்ற கேள்வி அவ்வழக்கில் எழவேயில்லை.

தூரதேசத்துக் கதை நமக்கெதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அமெரிக்காவிலிருந்து யந்திரங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து நமது கொடைக்கானலில் நிறுவிய தெர்மாமீட்டர் தொழிற்சாலையை அவர்கள் மறந்தார்களா? அங்கும் பாதரசமே வேலைப் பொருள். 2001 இல் அது மூடப்பட்டது. அங்கு வேலை செய்த 591 பேருக்கு 2016 இல் ஒரு சமரசத்தின்படி பணம் கிடைத்தது. அதுவும் கருணைத் தொகை என்ற பெயரால் வந்ததே தவிர, உரிமை என்று ஒப்புக்கொள்ளப்படவில்லை. நோய்க்குத் தொழிலே காரணமென்பதை நிர்வாகத்தார் கடைசி வரையில் மறுத்தே வந்தார்கள்.

வழக்கறிந்தவர்களுக்கு இதன் சூட்சுமம் விளங்கும். நோயை நிரூபிக்கும் பாரம் தொழிலாளியின் தலையில் விழுகிறது. நிரூபிக்க வேண்டிய தஸ்தாவேஜுகளோ முதலாளியின் அலமாரியில் இருக்கின்றன. 1948 ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே பாதரச நோயைச் சர்க்காருக்கு அறிவிக்கவேண்டிய நோய்களின் ஜாபிதாவில் சேர்த்தது. பாதரசத்தைப் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018 இல் ஊர்ஜிதம் செய்தது. சட்டப் புத்தகத்தில் வாசகங்களுக்குக் குறைவில்லை. எழுதிய பரிசோதனை நடைபெறுகிறதா, அதன் முடிவு தொழிலாளியின் கைக்கு வருகிறதா என்பதே கேள்வி.

ஆகையால் நாம் மூன்று காரியங்களை வற்புறுத்துகிறோம். விஷப்பொருள் வழங்கும் எந்தத் தொழிற்சாலையிலும், முதலாளியிடம் சம்பளம் வாங்காத வைத்தியர் தொழிலாளரைப் பரிசோதிக்க வேண்டும். சிறுநீரில் பாதரசம் எவ்வளவென்று அறிவது அரிய வித்தையல்ல. இரண்டாவதாக, அப்பரிசோதனையின் முடிவும், வேலையிடத்துக் காற்றில் கண்ட விஷத்தின் அளவும் தமிழில் எழுதப்பட்டுத் தொழிலாளியிடமே கொடுக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, அத்தகைய கணக்கை வைக்காத முதலாளி, நோய் தன் தொழிற்சாலையால் வரவில்லையென்று தானே நிரூபிக்கும்படி சட்டம் திருத்தப்பட வேண்டும்.

தொழிற்சங்கங்கள் கூலி உயர்வுக்கும் போனஸுக்கும் போராடுவது நியாயமே. அவற்றோடு இக்கோரிக்கைகளையும் தங்கள் மனுக்களில் முதல் வரிசையில் சேர்க்கட்டும். சட்டசபை அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பற்றிக் கேள்வி கேட்கட்டும். ஒரு தொப்பியின் விளிம்பில் நூலளவு கோணலைக் கண்டுபிடிக்க ஆள் வைக்கும் தொழில், அதைச் செய்தவனுடைய விரல் நடுக்கத்தைக் கண்டுபிடிக்கவும் ஆள் வைக்க முடியும். அதற்கு ஆகும் செலவையும் சரக்கின் அடக்க விலையில் சேர்த்துக்கொள்வதே முறை. அதைத் தொழிலாளியின் உடம்பிலிருந்து வசூலிக்கும் வழக்கத்தை இனியும் சர்க்கார் அனுமதிக்கலாகாது.